நடந்தால் அடங்கும், நின்றால் நிறையும்: கணினிக்குள் ஒரு கொரங்காடு செய்த கதை

அக்கா பையனுக்கு ஒன்பது வயது. ஹெட்போனை மாட்டி, கன்ட்ரோலரைக் கையில் கொடுத்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, "மாமா, குதிச்சா மூணு சத்தம் வருது பாரேன்!" என்று பட்டனைத் தட்ட ஆரம்பித்துவிட்டான். நாங்கள் நான்கு மாதம் உட்கார்ந்து செய்த நிலம் அது. காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு, அதாவது மாடு மேய்கிற மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம், ஒரு பனங்கூட்டம், தோட்டத்துக் கிணறு, தூரத்தில் ஊதியூர் மலை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஸ்வரம், ஓடினால் கொத்தாக, குதித்தால் மூன்று, நின்றால் அமைதி. 'நடப்பதே வாசிப்பது' என்று எங்களுக்குள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த விதி அது. பையன் அதை வைத்து ஜமாப் மேளம் அடித்துக்கொண்டிருந்தான். மலையை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்கு அப்புறம் உட்கார்ந்த பெரியவர்களும் அதையேதான் செய்தார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு.

அந்தத் தோல்வியிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்பதைத்தான் எழுதப்போகிறேன். நாங்கள் என்றால் கோவையில் மூன்று பேர். காட்சிக்கு ஒருவன், புரோகிராமுக்கு ஒருவன், சத்தத்துக்கு நான். பகலில் மூவருக்கும் வேறு பிழைப்பு, இது ராத்திரி வேலை.

செய்ய நினைத்தது

சாதாரண வீடியோ கேமில் இசை எப்படி வருகிறது? யாரோ போட்டுக் கொடுத்த மூன்று நிமிட டிராக், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. எங்களுக்கு அது வேண்டாம். பதிவு செய்த பாட்டு எதுவும் இருக்கக் கூடாது, விதிகள் மட்டும் இருக்க வேண்டும், விதிகளே ஒவ்வொரு தடவையும் புதிதாக இசையைப் பிறப்பிக்க வேண்டும், நடக்கிறவரைப் பொறுத்து அது மாறவும் வேண்டும். ஜெனரேட்டிவ் இசை என்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் கோயில் கோபுரத்தில் காற்றுக்கு ஆடுகிற சின்ன மணிகளும் இதே வகைதான். மணியின் சுருதியை மனுசன் முடிவு செய்கிறான், எப்போது அடிப்பது என்பதைக் காற்று முடிவு செய்கிறது.

இதற்குப் பழைய உத்தி ஒன்று உண்டு. ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கென்று ஓர் இசைத்தட்டு செய்தார். அதில் ஒரு பகுதியில் ஒவ்வொரு குரலும் தனித்தனி டேப் லூப், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சுற்றி வரும் டேப். ஒன்று 23½ விநாடிக்கு ஒருமுறை திரும்பி வரும், இன்னொன்று ஏறத்தாழ 26 விநாடிக்கு, இன்னொன்று 30க்கு ஒட்டி. நீளங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் அவை சந்திக்கும் இடம் மாறிக்கொண்டே போகும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், எட்டு எண்ணிக்கையும் ஏழு எண்ணிக்கையும் ஒன்றாகக் கிளம்பினால் 56க்கு ஒருமுறைதான் இரண்டும் சேர்ந்து சமத்துக்கு வரும், அவ்வளவுதான் விஷயம். நாங்கள் ஐந்து லூப் வைத்தோம்: 17, 19, 23, 29, 31 விநாடி. எல்லாம் பகா எண்கள். பெருக்கிப் பார்த்தால் 66,78,671 விநாடி, அதாவது முதல் சேர்க்கை அப்படியே திரும்பி வர 77 நாள் ஆகும்.

கேட்க ஜோராக இருக்கிறது இல்லையா? ஆனால் இதில் ஓர் ஏமாற்று உண்டு. 77 நாளுக்குத் திரும்பாது என்பதால் மட்டும் கேட்கிறவருக்கு அது புதிதாக இருந்துவிடாது, மூன்றாவது நிமிடத்திலேயே காது 'சரி, இது இவ்வளவுதான்' என்று முடிவு கட்டிவிடும். கணக்கில் வருகிற புதுமை வேறு, காதுக்குத் தெரிகிற புதுமை வேறு. இது எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: நிலம் யூனிட்டி என்கிற கேம் இன்ஜினில். இசை விதிகள் ப்யூர் டேட்டாவில், மில்லர் பக்கெட் 1990களில் எழுதிய இலவச மென்பொருள், பெட்டிகளை வரைந்து ஒயரால் இணைத்தால் சத்தம் வரும். அதை லிப்பிடி என்கிற நூலகம் வழியாக கேமுக்குள்ளேயே ஓடவிடலாம். இவ்வளவு போதும்.

சுருதி மட்டும் நகர்ந்தால்

நிலத்தில் ஐந்து இடங்கள்: கிணற்றடி, புல்வெளி, பனங்கூட்டம், மலையடி, தறிக்குடோன் தெரு. ஐந்துக்கும் ஐந்து விதமான மனநிலை வேண்டும், அதே சமயம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகும்போது இசை உடையக் கூடாது. ஐந்து தனித்தனி ராகம் போட்டால் எல்லையில் இரண்டு ராகமும் மோதும். போட்டுப் பார்த்தோம், கல்யாண வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் செட் ஒன்றாக ஓடுகிற மாதிரி இருந்தது.

இதற்கு வழி கர்நாடக சங்கீதத்திலேயே இருந்தது, கிரகபேதம். மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களை, ஸ ரி க ப த, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதன் ரிஷபத்தை (ரி) ஸட்ஜமாக (அடிப்படை ஸ்வரமான ஸ) நினைத்தால் மத்யமாவதி ராகம் கிடைக்கும். காந்தாரத்தை ஸட்ஜமாக்கினால் ஹிந்தோளம், பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி, தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி. ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை, கீழே ஒலிக்கிற சுருதி மட்டும் நகர்ந்தால் போதும். ஆக ஐந்து லூப்பும் நிலம் முழுக்க அதே ஐந்து ஸ்வரங்களைத்தான் தூவிக்கொண்டிருக்கும். நீங்கள் கிணற்றடியிலிருந்து பனங்கூட்டத்துக்கு நடந்து போகும்போது தம்புரா மட்டும் காந்தாரத்துக்கு இடம் மாறும், இவ்வளவு நேரம் மோகனமாகக் கேட்ட அதே துளிகள் ஹிந்தோளமாகக் கேட்க ஆரம்பிக்கும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மற்ற இரண்டு பேருக்கும் போன் போட்டு எழுப்பித் திட்டு வாங்கினேன்.

ஈரோட்டில் பாட்டுச் சொல்லித்தரும் சித்தி ஒருத்தர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். பனங்கூட்டத்துக்குள் நுழைந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஏன் கண்ணு, இது ஹிந்தோளம்னுதானே சொன்ன? அப்புறம் தம்புராவுல எதுக்குப் பஞ்சமம் அடிக்குது?"

தம்புரா என்றால் ஸ-ப என்று மண்டையில் பதிந்திருந்தது. சுருதியை நகர்த்தும்போது பஞ்சமத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிருந்தேன். ஹிந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது. அப்படி நகர்த்தினால் வருகிற பஞ்சமம், நிலத்தில் எங்கேயுமே இல்லாத ஆறாவது ஸ்வரம். அந்தப் பனங்கூட்டத்துக்குள் போனாலே ஏதோ சரியில்லாத மாதிரி இருக்கிறது என்று எங்கள் காட்சிக்காரன் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான், நான் அவன் போட்ட நிழல்தான் காரணம் என்று வாதாடிக்கொண்டிருந்தேன். தம்புராவை அங்கே மட்டும் மத்யமத்துக்கு மாற்றினேன், பிரச்சினை தீர்ந்தது.

சித்தி அதோடு விடவில்லை. "இதெல்லாம் ஸ்கேல் கண்ணு, ராகம் ஆகாது" என்றார். நியாயம்தான். எந்த ஸ்வரம் அசைய வேண்டும், எது அசையாமல் நிற்க வேண்டும், எந்தப் பிடியில் ராகத்தின் முகம் தெரியும் என்பதெல்லாம் ராகத்துக்கு ராகம் வேறு. நாங்கள் தூவுவது வெறும் துளி. ராகத்தின் பெயரை நான் விளக்கத்துக்காகத்தான் சொல்கிறேன், யாரும் கச்சேரி என்று நினைத்து வந்துவிட வேண்டாம்.

சுருதி நகர்கிற இடத்தைப் பற்றி இன்னொன்று. பழைய தம்புரா தேயத் தேயப் புதியது ஏறும்படிதான் முதலில் வைத்தோம். நடு வழியில் இரண்டு ஸட்ஜம், வயிற்றைப் பிசைந்தது. இப்போது பழையது தானாகவே நாற்பது விநாடியில் ஓய்ந்துவிடும், அப்புறம் பத்து விநாடி சுருதியே கிடையாது, காற்று மட்டும்தான், அதற்குப் பிறகுதான் புதியது எழும். அந்தப் பத்து விநாடியில் நிறையப் பேர் தாங்களாகவே நின்றுவிடுகிறார்கள். எதற்கு நின்றீர்கள் என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார்கள்.

காற்று

கொங்கில் சத்தத்தைப் பற்றி யோசிக்கிற யாராலும் காற்றை விட்டுவிட்டு யோசிக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைகிறது. ஆடியில் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு அது பைக்கைச் சாய்க்கிற விதம் தெரியும். காற்றாலைக் காத்தாடிகள் அங்கே வரிசை கட்டி நிற்பதும் இதனால்தான்.

ஆடி மாதம் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு காங்கேயம் போனேன். மூன்று நாள் பதிவு, ஒன்றும் உருப்படவில்லை. மைக்குக்குக் கம்பளி உறை போட்டும் கேட்டதெல்லாம் 'புர்ர்' என்று மைக்கில் காற்று மோதுகிற சத்தம்தான். காற்றுக்கென்று தனியாகச் சத்தம் கிடையாது, எதில் படுகிறதோ அதன் சத்தம்தான் அது என்பதை அந்த மூன்று நாளில் கற்றுக்கொண்டேன். அதனால் காற்றைப் பதிவு செய்வதை விட்டுவிட்டு அது படுகிற பொருள்களைச் செய்தோம். வெள்வேலத்தின் பொடி இலையில் பட்டால் மெல்லிய இரைச்சல், அதற்கு வெறும் நாய்ஸை வடிகட்டினால் போதும். பனை அப்படி இல்லை. காய்ந்த ஓலை ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும், சடசடவென்று நூறு துண்டுச் சத்தம். அதற்கு ஒரு காய்ந்த ஓலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஃபேனை நிறுத்திவிட்டு, போர்வைக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகப் பதிவு செய்தேன். (அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.)

காத்தாடிதான் எதிர்பாராத வரவு. பெரிய காத்தாடி நிமிடத்துக்குப் பதினைந்து சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று இறக்கை, ஆக 1.3 விநாடிக்கு ஒரு 'வுஷ்'. நிலத்துக்கே அது ஒரு தாளமாகிவிட்டது. காற்று கூடினால் தாளம் விரையும், தணிந்தால் இழுக்கும்.

தறிக்குடோனில் வேறொரு வேலை செய்தோம். கேம் இன்ஜின்கள் தூரத்துச் சத்தத்தைச் சின்னதாக்கும், ஆனால் பொதுவாகத் தாமதமாக்காது. நிஜத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும், 300 மீட்டர் தள்ளி ஓடுகிற தறியின் அடி கிட்டத்தட்ட ஒரு விநாடி கழித்துத்தான் காதுக்கு வரும். அந்தத் தாமதத்தை நாங்களே எழுதிச் சேர்த்தோம். ஒரே வரி மாற்றம் மாதிரிதான், ஆனால் நிலம் திடீரென்று அகலமாகிவிட்டது.

அப்புச்சி சொன்னது

இவ்வளவும் செய்தாயிற்று, ஆனால் ஆரம்பத்தில் சொன்ன குதிக்கிற பிரச்சினை அப்படியே இருந்தது. அடிக்கு ஒரு ஸ்வரம் என்ற விதியைத் தூக்கி எறிந்தோம். இரண்டாவது வடிவத்தில் நடப்பவருக்கும் ஸ்வரங்களுக்கும் சம்பந்தமே இல்லை, சுருதி மட்டும் இடத்துக்கு இடம் மாறும். போட்டுக் காட்டிய முதல் ஆளே கேட்டார்: "பாட்டு பாட்டுக்குத் தானாப் போவுதுங்க, நான் எதுக்குங்க நடக்கணும்?" பதில் இல்லை. ஒரு வடிவத்தில் நிலம் பொம்மையாகிவிட்டது, இன்னொன்றில் வால்பேப்பராகிவிட்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது லேப்டாப்பையும் எடுத்துப் போயிருந்தேன். டிவியில் இணைத்து, அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, ஹெட்போனை மாட்டிவிட்டேன். கன்ட்ரோலரெல்லாம் அவருக்கு ஆகாது. அவர் கட்டிலில் உட்கார்ந்து "அக்கட்டால போ", "நில்லு", "வேலியோரமாப் போ" என்று சொல்லச் சொல்ல நான் நடத்தினேன், ஏர் ஓட்டுகிற மாதிரி. புல்வெளிக்கு நடுவே போகும்போது கௌதாரி கத்தியது. நான் பதிவு செய்ததிலேயே தெளிவான சத்தம், எனக்குப் பெருமை. அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"நீ தொப்பு தொப்புன்னு நடந்து போறே, அது கத்திக்கிட்டிருக்குது. எந்த ஊர்க் கௌதாரி கண்ணு இது? ஆள் வந்தா வாயை மூடிக்காதா?"

நான் ஒன்றும் பேசவில்லை.

"கெணத்துத் தவளையும் அப்படித்தான். நீ போனீன்னா கப்சிப்புன்னு ஆயிரும். அசையாம நின்னேன்னா ஒண்ணு ஆரம்பிக்கும், அப்புறம் இன்னொண்ணு. பொழுதோட போய் நின்னு பாரு."

பொழுதோட போய் நின்றேன். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. நான் போனதும் சத்தம் நின்றது. கொசு கடித்தும் அசையாமல் நின்றேன், ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும், முதல் தவளை ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. பதில் இல்லை. மறுபடி சொன்னது. எதிர்ச் சுவரிலிருந்து ஒன்று, அப்புறம் கீழே இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. நான் காலை மாற்றி வைத்தேன், எல்லாம் ஒரே சமயத்தில் நின்றது, யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி.

நிலம் ஏற்கெனவே இன்டராக்டிவ்தான். நாங்கள் அதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தோம்.

தலைகீழ் விதி

கோவை திரும்பி முழு விதியையும் திருப்பிப் போட்டோம். இப்போது நிலத்துக்கு ஒரே ஓர் எண்தான், எங்களுக்குள் அதற்குப் பெயர் 'நம்பிக்கை'. பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை போகும். நீங்கள் நடந்தால் இரண்டு மூன்று விநாடியில் சரிந்துவிடும், ஓடினால் உடனே பூஜ்யம். நின்றால் ஏறும், ஆனால் மெதுவாக, முழுதாக நிறைய ஒன்றரை நிமிடம். மெல்ல நடந்தால் பாதி தங்கும். ஐந்து லூப்பும் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் ஒரு ஸ்வரம் அதன் முறை வரும்போது ஒலிக்குமா என்பது நம்பிக்கையைப் பொறுத்த சீட்டுக் குலுக்கல். நடந்துகொண்டிருந்தால் சுருதியும் காற்றும் மட்டும் மிஞ்சும். நின்றால் ஒன்று சொட்டும், அப்புறம் இன்னொன்று.

உயிரினங்களுக்குத் தனிக் கூச்சம் வைத்தோம். தவளைக்குக் கொஞ்சம், கௌதாரிக்கு அதிகம், ராத்திரியில் கத்துகிற பக்கிக் குருவிக்கு இன்னும் அதிகம். கூடவே ஒரு தொற்று விதி: ஒன்று கத்தினால் பக்கத்தில் இருப்பது கத்துகிற வாய்ப்பு ஏறும். கிணற்றடியில் கேட்ட அந்த 'அப்புறம் இன்னொண்ணு' இதுதான். இந்தத் தொற்றை முதலில் அளவில்லாமல் விட்டுவிட்டேன். தவளை எல்லாம் ஒன்றையொன்று தூண்டிவிட்டு நூற்றுக்கணக்கில் ஒலித்து, லேப்டாப் திணறி, சத்தம் பொரிகடலை மாதிரி வெடித்தது. ஒரே நேரத்தில் நாற்பது குரலுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டினோம்.

அக்கா பையன் மறுபடி வந்தான். குதித்தான், எல்லாம் அடங்கியது. ஓடினான், ஒன்றும் இல்லை. "மாமா, கெட்டுப் போச்சு" என்றான். நான் பேசாமல் இருந்தேன். சலித்துப்போய் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கொஞ்ச நேரத்தில் மெதுவாகத் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தான். வாயில் விரலை வைத்து எனக்கு 'உஷ்' காட்டினான், நான் ஒன்றும் பேசாமலே இருந்தபோதும்.

எல்லா இடத்திலும் இது வேலை செய்யவில்லை. கோவையில் ஒரு கல்லூரி விழாவில் வைத்தோம். பின்னால் வரிசை நிற்கிறது, பக்கத்து ஸ்டாலில் டிஜே, எவர் ஒன்றரை நிமிடம் அசையாமல் நிற்பார்? நிறையப் பேர் வெறும் காற்றைக் கேட்டுவிட்டு "சவுண்ட் வரலைங்க" என்று போனார்கள். நேரத்தைப் பத்து விநாடியாகக் குறைத்துவிடலாம் என்று புரோகிராம்காரன் கெஞ்சினான். குறைத்திருந்தால் நிற்பதும் ஒரு பட்டனாகியிருக்கும், நான் ஒப்புக்கொள்ளவில்லை. மதியத்துக்கு மேல் மேசையைப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு மூலைக்கு நகர்த்தி, ஒரு முக்காலி போட்டோம். ஆள் குறைந்தது. வந்தவர்கள் இருபது நிமிடம் உட்கார்ந்தார்கள்.

அப்புச்சிக்குப் புதிய வடிவத்தைப் போட்டுக் காட்டினேன். "நில்லு" என்றார், கிணற்றடியில். நிறைய நேரம் போகச் சொல்லவே இல்லை. அப்புறம், "கவலை ஓட்டுற சத்தம் இல்லையே" என்றார். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீரைச் சாலில் மேலே இழுப்பதற்குத்தான் கவலை என்று பெயர். அவர் இளவட்டமாக இருந்தபோது கவலை இறைத்த கிணறு அது. எந்தத் தோட்டத்தில் இறைக்கிறார்கள் என்பதை உருளை கத்துவதை வைத்தே சொல்லிவிடலாமாம்.

பதிவு செய்ய இப்போது கவலை எங்கே ஓடுகிறது? உராய்விலிருந்து செய்தேன். அச்சு ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டுகிறது, வயலின் கம்பியில் வில் செய்கிற அதே காரியம்தான். மாடு சரிவில் இறங்கும்போது சால் நிறைந்து கனமாக மேலே வரும், உருளை தாழ்ந்த குரலில் இழுக்கும். மாடு பின்னால் ஏறும்போது வெறும் சால், சுருக்கென்று உயர்ந்த குரல். இரண்டையும் மோகனத்தின் தைவதத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் சுருதி சேர்த்து வைத்தேன், நன்றாகவே இருந்தது. போனில் அனுப்பி, மாமா மகளை விட்டு ஹெட்போனில் போட்டுக் காட்டச் சொன்னேன்.

ராத்திரி அப்புச்சி கூப்பிட்டார். "சத்தம் செரியாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இது வெளக்கெண்ணெய் போட்ட உருளை. நம்ம கெணத்துல போட மாட்டோம். கத்தறது நின்னா மாடு நின்னுருச்சுன்னு ஊட்டுல இருந்தே தெரியோணுமில்ல?"

சுருதி சேர்த்ததைக் கலைத்துவிட்டு, உராய்வைக் கூட்டி மறுபடி செய்துகொண்டிருக்கிறேன்.